டீசல் மூடியில் நான் அடைத்த ஓட்டை

குற்றவாளி யார் என்று கடைசிவரை மறைத்து வைத்து வேடிக்கை பார்க்கிற பொறுமை எனக்குக் கிடையாது. நான்தான். ஒரு மாதம் முழுக்க ஒரு லாரியை நடுரோட்டில் நிற்கவைத்து, ஒரு நல்ல மெக்கானிக்கை வேலையையே விட்டுவிடலாமா என்று யோசிக்கவைத்து, பெற்ற மகளுக்கு ஒரு படி மேலாக நான் வைத்திருக்கிற மருமகளின் தூக்கத்தைக் கெடுத்தவன் நானே. அந்த ஒரு மாதமும் அது எனக்கே தெரியாது என்பதுதான் இதில் அழகு.

முப்பத்தாறு வருஷம் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்தேன், கசிவு அடைக்கும் பிரிவில். நான் அடைத்த ஓட்டைகளை எல்லாம் பிடுங்கி வரிசையாக வைத்தால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். குழாய் சொட்டுகிற சத்தம் நாலு தெரு தள்ளிக் கேட்டாலும் எனக்குத் தூக்கம் கலைந்துவிடும். ஓய்வு பெற்றபிறகும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் அடைக்க ஓட்டை தீர்ந்துபோய், பக்கத்து வீட்டு வாளிகளைக் கடன் வாங்கி அடைத்துக் கொடுத்தேன். "நான் அடைக்காத ஓட்டை இந்த வீட்டுல உன் வாய் ஒண்ணுதான்" என்று என் வீட்டுக்காரியிடம் சொல்வேன். "உங்க வாய அடைக்க இன்னும் ஆள் பொறக்கல, அதனாலதான் நான் என்னுடையதைத் திறந்து வச்சிருக்கேன்" என்பாள் அவள்.

மருமகளின் லாரிக்கு வருகிறேன். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில்தான் இருப்பான். அவனுக்குச் சளைத்தவளா என் மருமகள்? அவளும் தண்ணீரைத்தான் நம்பினாள். லாரியின் முதுகில் நாலு நீலப் பிளாஸ்டிக் தொட்டிகள். அதில் தண்ணீர், தண்ணீரில் மீன்குஞ்சு. குஞ்சு பொரிக்கிற பண்ணையிலிருந்து ஏற்றி, மூன்று மணி நேரம் ஓட்டி, மீன் வளர்க்கிறவர்களின் குளங்களில் இறக்க வேண்டும். தொட்டிகளுக்குள் காற்று ஊத ஒரு ஊதுமெஷின் உண்டு. எஞ்சின் ஓடுகிறவரை அது ஊதும். எஞ்சின் நின்றால் பேட்டரியில் இருபது நிமிஷம் ஊதும். அதற்குமேல் பேட்டரியும் கையை விரித்துவிடும். குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடும். நாற்பதாயிரம் வாய்கள். பார்த்தவர்களுக்குச் சோறு இறங்காது.

அதற்கு முன்னால் அவள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஏழு வருஷம் இருந்தாள். கழிப்பறைக்கு யார் எத்தனை நிமிஷம் போனார்கள் என்று நோட்டில் எழுதி வைக்கிற சூப்பர்வைசர். வீட்டுக்கு வந்தால் அந்த ஆள் மாதிரியே மூக்கை உறிஞ்சி நடித்துக் காட்டுவாள். நாங்கள் சிரிப்போம், அவள் சிரிக்க மாட்டாள். லாரி வாங்கிய அன்றைக்கு அந்தக் கம்பெனிச் சீருடையைக் கிழித்து வண்டி துடைக்கிற துணியாக்கினாள். அப்போதுதான் சிரித்தாள்.

இப்படிப்பட்ட வண்டிக்கு நான் என்னால் ஆன சேவை செய்யாமல் இருப்பேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை டீசல் டேங்கைச் சுரண்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். எலுமிச்சம்பழம் தோற்றுப்போகும். இரண்டே நாளில் மூடியிலிருந்து கீழே கறுப்பாக ஒரு கோடு. வளைவில் டீசல் தளும்பி வழிந்திருக்கிறது. என் மஞ்சள் மேல்! மூடியைக் கழற்றிக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். உள்ளே இருந்த ரப்பர் வளையம் நைந்து கிடந்தது. மூடியின் நட்டநடுவில் ஒரு குண்டூசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. இது எனக்கு வந்த அழைப்பு என்றே நினைத்தேன். பழைய டியூபிலிருந்து தடியாக ஒரு வளையம் வெட்டினேன். இரண்டு டப்பாவிலிருந்து எடுத்துக் கலக்கிற பசையை உருட்டி, ஓட்டையில் அழுத்தி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன் மேலும் மஞ்சள். அங்கே ஓட்டை இருந்தது என்று நானே சத்தியம் செய்தாலும் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அவ்வளவு சுத்தம்.

அந்த வாரமே லாரிக்கு வியாதி வந்தது.

வியாதி என்றால் சாதாரண வியாதி இல்லை. நேரம் தவறாத வியாதி. காலையில் டேங்க் நிறைய டீசல் போட்டுக்கொண்டு கிளம்புவாள். ஐம்பது நிமிஷம் வண்டி குதிரை மாதிரி போகும். ஐம்பதாவது நிமிஷம் இழுவை குறையும், ஒரு தும்மல், இரண்டு இருமல், அப்புறம் நின்றுவிடும். அவள் இறங்குவாள். டீசல் அளவு காட்டுகிற முள் செத்து மூன்று வருஷம் ஆகிறது என்பதால், வண்டி எதற்கு நின்றாலும் அவள் முதலில் செய்வது டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டு அளவு பார்ப்பது. டீசல் இருக்கும். சரி, பைப்பில் காற்று புகுந்திருக்கும் என்று ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, காற்றை வெளியேற்றி, ஸ்டார்ட் செய்வாள். உடனே பிடித்துக்கொள்ளும். இன்னொரு ஐம்பது நிமிஷம் குதிரை. மறுபடி தும்மல்.

"மாமா, அந்த மூடிய ஏன் இவ்ளோ டைட்டா வச்சிருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். "ஒவ்வொரு தடவையும் சுத்தியால நாலு தட்டு தட்டித்தான் திறக்கிறேன். கை வலிக்குது."

"அதுதாம்மா வேலை சுத்தம்! ஒரு சொட்டு வெளிய வராது" என்றேன். நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்து சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது. அதையும் நானே தைத்துக்கொண்டேன்.

மெக்கானிக்கிடம் போனோம். அவருக்குப் பட்டப்பெயர் 'காது'. நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு அவர் கேட்கிற அழகைப் பார்த்தால், உள்ளே பிஸ்டன் ஒவ்வொன்றும் தன் குடும்பக் கஷ்டத்தைச் சொல்வதுபோல இருக்கும்.

"ஃபில்டர்" என்றார் முதல் வாரம். இரண்டு ஃபில்டரும் மாற்றினார். மறுநாள் ஐம்பதாவது நிமிஷம் தும்மல்.

"ஃபீட் பம்ப். டேங்க்ல இருந்து டீசலை இழுக்கிற சக்தி இல்ல" என்றார் இரண்டாவது வாரம். பம்பும் மாறியது. தும்மல்.

மூன்றாவது வாரம், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார். அப்புறம் ஒரு காரியம் செய்தார் பாருங்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கூரையிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டு, டேங்கைத் துண்டித்து, கேனிலிருந்து நேராக எஞ்சினுக்கு டீசல் கொடுத்தார். கேன் குறையக் குறைய மேலே ஊற்றினார். இரண்டு மணி நேரம் எஞ்சின் சிணுங்காமல் ஓடியது.

"பார்த்தீங்களா சார்? எஞ்சின் மேல தப்பே இல்ல. டேங்க் பக்கம்தான் கோளாறு. உள்ள குப்பை இருக்கும், அது போய்ப் பைப் வாயை அடைக்குது."

மனுஷர் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார்! டேங்கை இறக்கிக் கழுவினார். பைப்பெல்லாம் புதுசு. மூடியை மட்டும் நான் கொடுக்கவில்லை. "பெயிண்ட் போயிடும் தம்பி, அதை நான் பார்த்துக்கறேன்" என்று வாங்கி, என் சட்டையிலேயே துடைத்துப் பளபளப்பாக்கிக் கையில் வைத்துக்கொண்டேன். ஆதாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போலீஸ்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டேங்கை ஏற்றியபிறகு சோதனைக்குப் பத்து லிட்டர் ஊற்றி ஒரு மணி நேரம் ஓடவிட்டார். ஓடியது. எல்லோரும் கைகுலுக்கினோம். மறுநாள் காலை டேங்க் நிறைய டீசலுடன் கிளம்பினாள். ஐம்பதாவது நிமிஷம்... சொல்ல வேண்டுமா?

அன்றைக்குக் காது தன் ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்குரூ டிரைவரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வண்டில யாராவது எதுலயாவது கை வச்சீங்களா?"

"பெயிண்ட் அடிச்சேன், அவ்வளவுதான்."

பொய் இல்லை. ஓட்டையை அடைப்பது என் கணக்கில் கை வைப்பதில் சேராது. மூச்சு விடுவதை யாராவது வேலை என்று சொல்வார்களா?

பண்ணை மேனேஜர் நல்ல மனுஷர். ஆனால் அவர் பொறுப்பில் இருப்பது உயிருள்ள சரக்கு. மூன்று தடவை மீன் குறைந்து போய்ச் சேர்ந்தபிறகு அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரே ஒரு லோடு தர்றேம்மா. நானே கூட வர்றேன். நடுவுல நின்னுச்சுன்னா அதோட சரி, நான் வேற வண்டி பார்த்துக்கறேன்."

அவளுக்கு வேறு பண்ணை கிடையாது. அந்த வண்டிக்கு அந்தத் தொட்டிகள், அந்தத் தொட்டிகளுக்கு அந்தப் பண்ணை. லோடு நின்றால் லாரியை விற்க வேண்டும், விற்றால் மறுபடி அட்டைப்பெட்டி. மறுநாள் காலையில் நான் எழுந்து பார்த்தபோது சமையலறை மேஜையில் அந்தக் கம்பெனியின் வேலை விண்ணப்பம் கிடந்தது. பெயர், விலாசம் வரை நிரப்பியிருந்தாள். 'முன் அனுபவம்' என்ற இடத்தில் பேனா நின்றுபோயிருந்தது.

வீட்டுக்காரி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்களும் கூடப் போங்க. வண்டி நின்னா தொட்டித் தண்ணிய மக்கால மொண்டு மொண்டு ஊத்தவாவது ஒரு ஆள் வேணும்" என்றாள். என்னை ஒரு காரியத்துக்கு அனுப்ப அவள் விரும்பியது கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

இப்படியாக மூன்று பேர் முன் சீட்டில். மருமகள் ஸ்டியரிங்கில். ஜன்னல் பக்கம் மேனேஜர், மடியில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு. நடுவில் நான், கியர் கம்பிக்கு இடம் விட்டு ஒரு காலைத் தூக்கியபடி. அந்தக் கால் அதன்பிறகு எனக்குத் திரும்பி வர இரண்டு நாள் ஆனது.

முதல் நாற்பது நிமிஷம் நானும் மேனேஜரும் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாற்பத்தைந்தில் மேனேஜர் தொண்டையைச் செருமினார். நாங்கள் இரண்டு பேரும் எஞ்சின்தான் இருமியது என்று துள்ளினோம்.

"மன்னிச்சுக்கோங்க, சளி" என்றார்.

ஐம்பத்திரண்டாவது நிமிஷம், ஒரு பாலத்தைத் தாண்டி லேசான ஏற்றம். அவள் ஆக்சிலேட்டரை அழுத்துகிறாள், வண்டி கேட்கவில்லை. தும்மியது. இருமியது. ஓரத்தில் ஒரு செங்கல் சூளைக்கு எதிரே உருண்டு போய் நின்றது.

"சார், ரெண்டு நிமிஷம் கொடுங்க சார்." அவள் அதற்குள் குதித்து இறங்கிவிட்டாள்.

"உங்க ரெண்டு நிமிஷத்த ஒரு மாசமா பார்க்கறேன்மா. தொட்டியில இருக்கிறது எதுவும் நேரம் கொடுக்காது." மேனேஜர் இறங்கி, போனை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போனார்.

"மாமா, நீங்க டீசல் பாருங்க. நான் ஏர் எடுக்கிறேன். சீக்கிரம்!"

ஒரு மாதமாக அந்த மூடியை ரோட்டில் திறந்தது அவள்தான். லாரி, பஸ் போகிற இரைச்சலில், தலைக்கு மேலே ஊதுமெஷின் கத்த, பதற்றத்தோடு சுத்தியால் தட்டித் திறந்திருக்கிறாள். ஓட்டையை அடைத்தபிறகு நான் திறந்தது அதுதான் முதல் தடவை. சுத்தி எல்லாம் நான் தேடவில்லை. என் கையில் முப்பத்தாறு வருஷம் துருப்பிடித்த வால்வு திருகிய பலம் இருக்கிறதே. இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருகு. வரவில்லை. காலை டயரில் ஊன்றி இன்னொரு திருகு.

மூடி அசைந்தது. அப்போது அந்த டேங்க் மூச்சு வாங்கியது.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். வழக்கமாக மிகைப்படுத்துகிறவன்தான், இதில் இல்லை. நீரில் அமுங்கியவன் தலையை மேலே தூக்கியதும் இழுப்பானே, அப்படி ஒரு நீளமான 'ஹ்ஹ்ஹூப்'. என் சட்டைக் கையின் நுனியை அது உள்ளே இழுத்தது. டேங்கின் மஞ்சள் பக்கவாட்டில் உள்வாங்கியிருந்த தகரம் 'டொங்' என்று தன் இடத்துக்குத் திரும்பியது.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். நல்லா தெரியும். குன்றின் மேல் போகிற பெரிய தண்ணீர்க் குழாயில், தண்ணீர் இறங்கும்போது மேலிருந்து காற்று உள்ளே போக ஒரு வால்வு வைப்போம். காற்று போகாவிட்டால் உள்ளே வெற்றிடமாகி, தண்ணீர் நகராமல் நின்றுவிடும். ஒரு தடவை எவனோ ஒரு புத்திசாலி அந்த வால்வு கசிகிறது என்று அடைத்துவிட, ஆள் நடக்கிற அளவு இரும்புக் குழாய் யானை மிதித்த டப்பா மாதிரி நசுங்கிப் போனது. அதை விசாரித்து அறிக்கை எழுதியவன் நான். அந்த அறிக்கையில் 'அறிவுகெட்ட செயல்' என்று நான் எழுதியிருந்ததை மேலதிகாரி அடித்துவிட்டு 'கவனக்குறைவு' என்று மாற்றினார்.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நான் அடைத்த அந்தக் குண்டூசி ஓட்டை. அது கசிவு இல்லை. டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே போகிற வழி. டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்று கொஞ்சம்தான், அதனால் ஐம்பதே நிமிஷத்தில் மூச்சுத் திணறல். காது பத்தே லிட்டர் ஊற்றிச் சோதித்தபோது டேங்க் முழுக்கக் காற்று, ஓடத்தான் செய்யும். கேனுக்கு மூடியே இல்லை. அவள் அளவு பார்க்க மூடியைத் திறக்கிறபோதெல்லாம் காற்று போய், வண்டி பிழைத்திருக்கிறது. கைப்பம்புக்கு அதில் பாதிப் புகழ்தான் சேர வேண்டும்.

அறிவுகெட்ட செயல். இந்தத் தடவை யாரும் அடித்துத் திருத்த மாட்டார்கள்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்கிறேன். என் முதல் யோசனை அசிங்கமான யோசனை. ரப்பர் வளையத்தைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, மூடியை லேசாக வைத்துவிட்டு, "எல்லாம் சரியாயிடுச்சு, எனக்கு ஒரு உள்ளுணர்வு" என்று சொல்லலாம். வண்டி இனி நிற்காது. நான் மகான் ஆகிவிடுவேன். பேரப்பிள்ளைகள் பிறந்தால் அவர்களுக்கும் சொல்வார்கள். வளையத்தைப் பிடுங்கியும் விட்டேன், பாதி பைக்குள் போயும் விட்டது.

அப்போது மேனேஜர் போனில் பேசுவது கேட்டது. "ஆமாங்க, செங்கல் சூளை எதிரே. நாற்பது நிமிஷத்துல வந்துருவீங்களா? இல்ல, இன்னிக்கு மட்டும் இல்ல. இனிமே நிரந்தரமா உங்க வண்டிதான்."

மருமகள் தலையைத் தூக்கவில்லை. எஞ்சினுக்குள் குனிந்தபடியே இருந்தாள். ஆனால் கைப்பம்பு அடிக்கிற அந்தச் 'சக் சக்' நின்றுவிட்டது.

"கண்டுபிடிச்சாச்சு" என்று இந்த ஒரு மாதத்தில் நாலு தடவை அவரிடம் சொல்லியாகிவிட்டது. ஐந்தாவது தடவை உள்ளுணர்வு, மகான் என்றெல்லாம் சொன்னால் சிரிக்கக்கூட மாட்டார். அவர் நம்ப வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது.

"சார்! போனை வைங்க! கோளாறு கிடைச்சிடுச்சு!"

"பெரியவரே, இதை ஏற்கெனவே—"

"இந்தத் தடவை மெக்கானிக் சொல்லல சார். குற்றவாளியே சொல்றேன். நான்தான் அடைச்சேன்."

போனைக் காதிலிருந்து இறக்கினார். மருமகள் நிமிர்ந்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வைக்கு நடுவில் நின்று, மூடியைத் தூக்கிக் காட்டி, ஓட்டை, காற்று, வெற்றிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"எதுக்குங்க அடைச்சீங்க?" என்றார் மேனேஜர்.

"கசிஞ்சுதுங்க."

"கசிஞ்சா?"

"பெயிண்ட்ல கோடு விழுந்துதுங்க. மஞ்சள் பெயிண்ட்."

அவர் மூடியை வாங்கினார். உதட்டில் வைத்து, கன்னம் இரண்டும் பூசணிக்காய் ஆகிறவரை ஊதினார். கண் பிதுங்கியது. ஒரு பொட்டுக் காற்று போகவில்லை. உதட்டை எடுத்து, மீசையில் ஒட்டிய டீசலை முகர்ந்து பார்த்துவிட்டு, போனைக் காதுக்குக் கொண்டுபோனார். "இருங்க, கிளம்பாதீங்க. நான் சொல்றேன்... இல்ல, நின்னுச்சு. ஆனா நம்ம வண்டி மேல தப்பு இல்ல போலிருக்கு. வீட்டு ஆள் மேல தப்பு."

நம்ம வண்டி! நான் அதைக் கேட்டேன். அவளும் கேட்டாள். கைப்பம்பு மறுபடி 'சக் சக்' என்றது. மூன்றே நிமிஷத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. டேங்க் வாயில் மூடியைத் தளர்வாக வைத்து, ஒரு துணியைச் சுற்றிக் கட்டினேன்.

"மாமா."

"என்னம்மா?"

"ஏறுங்க."

"கோபமா?"

"மீன் இறங்கட்டும். அப்புறம் கோபப்படறேன். இப்ப நேரம் இல்ல."

அடுத்த ஐம்பது நிமிஷம் இருக்கிறதே, அது என் பணிக்காலத்தைவிட நீளம். எனக்கு ஏழு தடவை வயசானது. நாற்பத்தெட்டில் அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஐம்பதில் மேனேஜர் மூச்சை அடக்கினார். டேங்குக்கே பழக்கமில்லாத அளவுக்கு. ஐம்பத்தைந்து. அறுபது. நீளமான ஒரு ஏற்றம் வந்தது. ஏற்றத்தில் எங்களை ஒரு டிராக்டர் மறித்தது. அவள் கியரை மாற்றி, ஆக்சிலேட்டரை அழுத்தினாள். லாரி ஒரு உறுமல் உறுமி, டிராக்டரைத் தாண்டியது. டிராக்டர்காரர் எங்களைத் திட்டினார். திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்ட மூன்று பேரை அவர் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். மேனேஜர் ஜன்னல் வழியாக அவருக்குக் கை வேறு ஆட்டினார்.

எழுபதாவது நிமிஷம் அவள் ஏதோ பாட்டை முனக ஆரம்பித்தாள். ராகம் இல்லை, சொல்லும் இல்லை. ஒரு மாதத்துக்கப்புறம் வருகிற சத்தம் அது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டீசல் புகை என்று சொன்னேன். மேனேஜரும் அப்படியே சொன்னார்.

குளக்கரையில் குழாய் மாட்டித் தொட்டிகளைத் திறந்துவிட்டோம். வெள்ளியைக் கொட்டினமாதிரி குஞ்சுகள் சரிந்து போயின. கரையோரம் கொஞ்ச நேரம் திகைத்து நின்று, அப்புறம் ஒரு திருப்பு திருப்பி ஆழத்துக்குள் மறைந்தன. மேனேஜர் வலையால் அரித்துச் செத்ததை எண்ணினார். இருபத்தாறு. நாற்பதாயிரத்தில் இருபத்தாறு. எஞ்சின் நல்லா ஓடிய காலத்திலேயே அதைவிட அதிகம் போகும் என்றார்.

"நாளைக்குக் காலையில லோடு இருக்கும்மா. வியாழக்கிழமை ரெண்டு."

"சரி சார்" என்றாள். அப்புறம் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, என் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"இப்ப கோபப்படலாமா மாமா?"

"தாராளமா. கொஞ்சம் உட்கார்ந்துக்கட்டுமா?"

"உட்காருங்க."

உட்கார்ந்தேன். அவள் வாயைத் திறந்தாள். "ஒரு மாசம் மாமா. ஒரு மாசம்! ஃபில்டர், பம்ப், நாசில், டேங்க். ராத்திரி எல்லாம் முழிச்சு... அந்த விண்ணப்பத்துல நான்..." அதற்குமேல் வரவில்லை. உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நான் எழுந்தேன். வந்தது சிரிப்பு. "பெயிண்ட்ல கோடு விழுந்துதாம் சார்!" என்று மேனேஜரைப் பார்த்துச் சொல்லி, லாரியின் படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குளத்து மறுகரையில் மேய்ந்த மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது.

அங்கிருந்தே காதுக்கு ஃபோன் போட்டாள், ஸ்பீக்கரில். "அண்ணா, மூடி. மூடில இருந்த ஓட்டைய மாமா அடைச்சிருக்காரு."

மறுமுனையிலிருந்து காது கேட்டார்: "சார் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார்ணா."

"சார்... நான் கேட்டேனே சார். கை வச்சீங்களான்னு கேட்டேனே." குரல் உடைந்துபோய் இருந்தது. அடுத்த நொடி அவரும் சிரித்துவிட்டார். "நான் ஒர்க்‌ஷாப்பை மூடிட்டுப் போயிடலாம்னு இருந்தேன் சார். நல்லவேளை, நான் முட்டாள் இல்ல."

"இல்லவே இல்ல தம்பி. அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிடுச்சு" என்றேன்.

புது மூடி ஒன்றை எடுத்து வைப்பதாகவும், அதை நான் தொடக் கூடாது என்றும் சொன்னார். ஒப்புக்கொண்டேன்.

திரும்பக் கிளம்ப வேண்டிய நேரம். "அஞ்சு நிமிஷம் சார், கண்ணு எரியுது" என்று அவள் முன் சீட்டில் கால் நீட்டிப் படுத்தாள். ஐந்து நிமிஷத்தில் வந்தது குறட்டை. கண்ணாடி அதிர்ந்தது. குளத்தில் அப்போதுதான் இறங்கிய நாற்பதாயிரம் குஞ்சும் அடியில் போய் ஒளிந்திருக்கும்.

இருபது நிமிஷம் கழித்து மேனேஜர் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். நான் குறுக்கே போய் நின்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு கை சீட்டிலிருந்து தொங்க, வாய் திறந்து கிடக்க, நெற்றியில் கிரீஸ் கறையோடு தூங்குகிறாள்.

"எத்தனை நாளாச்சு தூங்கி?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"ஒரு மாசம்."

தலையை ஆட்டிக்கொண்டு கரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் என் பக்கம் சாய்ந்து, அதே ரகசியக் குரலில், "ஒரு உதவி" என்றார். "எங்க பண்ணைக்கு எப்ப வேணும்னாலும் வாங்க, டீ சாப்பிடலாம். ஆனா எதுவும் ரிப்பேர் மட்டும் பண்ணிடாதீங்க."

"சொட்டினாக்கூடவா?"

"கொட்டினாக்கூட."

சரி என்றேன். கஷ்டமான வாக்குதான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். வெயில் மெதுவாக லாரியின் மறுபக்கம் போனது, நிழல் எங்கள் மேல் வந்தது. அவள் தூங்கினாள். நாங்கள் இரண்டு பேரும் அவளை எழுப்பாமல் உட்கார்ந்திருந்தோம்.